முதல் தோசை நல்லுசாமிக்கு

யோகேஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம். எஸ்டேட்டில் கொழுந்து பறித்த காலத்தில், மலையின் இந்தச் சரிவில் அவள் பேசினால் அந்தச் சரிவிலிருந்து பதில் வரும் என்பார்கள். கங்காணி அதட்டினால் கங்காணிக்கும் சேர்த்து ஒன்று விழும். அப்படிப்பட்டவளுக்குக் கடைசியில் வாய்த்தது என்னவோ, வாய் திறக்க ஆளில்லாத வீடு. ரிங்லெட் டவுனில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. எதிர்வீட்டுக்காரர்கள் விடியுமுன் தோட்ட வேலைக்குப் போய் இருட்டிய பின் வருகிறவர்கள். கதவு சாத்தும் சத்தம்தான் அவர்களுடன் அவளுக்கு உள்ள பழக்கம்.

புருஷன் நல்லுசாமி இருந்தவரை எஸ்டேட் கொடுத்த லைன் வீடு இருந்தது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். பேச்சு குறைவு. இவள் ஒருத்தியே இரண்டு பேருக்குப் பேசியதால் அவருக்கு அதற்கு அவசியமும் வரவில்லை. நெஞ்சுவலி வந்தபோதுகூட அவர் அதிகம் சொல்லவில்லை. அவர் போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவளும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மகள் சாந்தினிக்குத் தூரத்தில், ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் ஒருமுறை போன் பண்ணுவாள், நல்ல பிள்ளை. ஆனால் போனை வைத்ததும் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிடும்.

நல்லுசாமிக்கு வாழ்நாளில் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லோரியில் டவுனுக்கு வரும்போதெல்லாம், பெரிய சாலைக்குப் பின்னாலிருக்கும் பழைய கடை வரிசையில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடை முன்னால் நின்றுவிடுவார்.

"இதுல ஒரு தோசைக் கட போட்டா ஓடும் யோகேஸ்."

"மொதல்ல தோசைய கிழியாம திருப்பக் கத்துக்குங்க," என்பாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே நடப்பார்.

அந்த வரிசையில் ஒரு காலத்தில் துணிக்கடை, முடிவெட்டும் கடை, மளிகைக்கடை எல்லாம் இருந்தன. சிம்பாங் பூலாய் பக்கமிருந்து மலைக்குப் புதுப்பாதை வந்ததும் தாப்பா வழியாக ஏறிய கார்களில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டன. மிச்சக் கார்களும் ரிங்லெட்டில் நிற்காமல் மேலே பறந்தன. கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. வரிசையின் சொந்தக்காரரான சீன முதலாளி, லிம் தவுக்கே, மொத்தத்தையும் இடித்துவிட்டுக் காய்கறி லோரிகள் நிறுத்த இடம் விடலாம் என்று இருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த அவர் மகள்தான் குறுக்கே விழுந்தாள். இங்கே விளைகிறதை வைத்து இங்கேயே சமைத்து விற்கிறவர்களுக்குக் கொஞ்ச காலம் வாடகையில்லாமல் கொடுத்துப் பாருங்கள், சாப்பாட்டுக் கடை இருந்தால் ஜனம் நிற்கும், ஜனம் நின்றால் தெரு பிழைக்கும் என்றாள். தவுக்கே அரை மனதோடு தலையாட்டினார். சீனப் புத்தாண்டு வரை பார்ப்பேன், அப்போதும் தெரு காலியாகக் கிடந்தால் இடிப்பேன் என்றார்.

ஓரத்துக் கடையில் ஒரு சீனத் தம்பதி, முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் உள்ளே வைத்துப் பாவ் என்ற மாவுருண்டை அவித்தார்கள். மறு ஓரத்தில் ரொக்கியா என்ற மலாய்க்காரி சோளம் வேகவைத்தாள். நடுக்கடையை யோகேஸ்வரி எடுத்தாள். நல்லுசாமி நின்று பார்த்த அதே கடை.

பிரெட்ரிக் என்ற லோரிக்காரத் தம்பி கோலா தெர்லாவிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் காய் ஏற்றி வரும்போது அவளுக்கு வேண்டியதை இறக்கிவிட்டுப் போவான். கேரட் துருவல் தூவிய தோசை, புதினாச் சட்டினி, எஸ்டேட் தூளில் திக்காக ஒரு தேநீர். அவள் கைப்பக்குவத்தைப் பற்றி யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. லைனில் கல்யாணமென்றால் அடுப்பங்கரையில் அவள்தான்.

கடை திறந்த அன்று காலை, தெருவைப் பார்த்த முன்மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்தாள். அதன்மேல் நல்லுசாமியின் படத்தை வைத்து மாலை போட்டு விளக்கேற்றினாள். கல்லில் ஊற்றிய முதல் தோசையை இலையில் வைத்துப் படைத்தாள். பக்கத்தில் ஒரு கிளாஸ் தேநீர்.

"பாருங்க, கட போட்டாச்சு. தோச கிழியல," என்றாள். அன்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் முதல் தோசை அவருக்குத்தான். ஆள் இல்லாத நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டே மாவு கரைப்பாள். வீட்டில் இல்லாத துணை கடையில் கிடைத்தது.

ஆனால் ஆள் இல்லாத நேரமே அதிகமாக இருந்தது, அதுதான் சங்கடம்.

பாவ் கடையில் கூட்டம் கூடியது. ரொக்கியாவின் சோளத்துக்கு வரிசை நின்றது. வருகிறவன் நின்றால் பின்னால் வருகிறவனும் நிற்கிறான், தெருவுக்கு மெல்ல மெல்ல உயிர் வந்தது. நடுவில் யோகேஸ்வரியின் மேசைகள் மட்டும் துடைத்தது துடைத்தபடி கிடந்தன. யாரும் வரவில்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜனம் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியது. உள்ளே எட்டிப் பார்த்தது. குரலைத் தாழ்த்தி, "ஒரு நாலு தோச புங்குஸ் பண்ணுங்கக்கா," என்றது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டது. உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டவர் இல்லை. வெளியூர்க்காரர்கள் சிலர் விளக்கைப் படம் பிடித்துக்கொண்டு, போனால் போகிறதென்று ஒரு தேநீர் குடித்தார்கள்.

நாற்காலி சரியில்லையோ என்று பெஞ்சு போட்டாள். சட்டினியில் காரம் குறைத்தாள். சாந்தினி, "பேஸ்புக்குல போடுங்கம்மா," என்றாள். அதையும் அவளே போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிரெட்ரிக்கூடத் தோசையை வாங்கிக்கொண்டு லோரியில் ஏறி உட்கார்ந்துதான் தின்றான்.

"ஏன் தம்பி, உள்ள ஒக்காந்து சாப்புட்டா ஒனக்கு எறங்காதா?"

"எறங்கும்க்கா. அவசரம்லா," என்றான், தரையைப் பார்த்து.

அவசரக்காரன் அரை மணிநேரமாக லோரியிலேயே உட்கார்ந்திருப்பதை அவளும் பார்த்தாள். தன் சொந்த ஜனமே தன் மேசையில் உட்கார மாட்டேனென்றால் அதைவிட வேறு என்ன தனிமை வேண்டும்? லைனை விட்டு வந்தவள், டவுன்காரியாகிவிட்டவள் என்று ஒதுக்குகிறார்களோ என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் வெந்தாள்.

ஒருநாள் தவுக்கே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். நடுக்கடை காலியாக இருந்தால் மொத்த வரிசையும் பூட்டிக் கிடக்கிற மாதிரிதான் தெரிகிறது என்று மலாய் மொழியில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அதிகம் வலித்தது. கடை போனால் மூன்றாம் மாடிதான்.

தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் முனியாண்டிக் கங்காணி இறந்துபோனார். அவளை அதட்டி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மனிதர். கடையைச் சாத்திவிட்டு எஸ்டேட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், அழுதாள். பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே வந்தாள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. திரும்பி வருகிற இடமா அது?

செருப்பில் கால் நுழைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கழற்றிவைத்த செருப்பு, இந்தத் தாழ்ந்த குரல், சொல்லாமல் கிளம்பும் இந்தக் கிளம்பல் எல்லாம் அவளுக்குப் பழக்கமானவை. வாராவாரம் தன் கடை வாசலில் பார்த்தவை. உடன் கொழுந்து பறித்த விக்னேஸ்வரி, பத்துப் பேர் தடுத்தாலும் பேச்சை நிறுத்தாதவள், போன ஞாயிறு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஊமை மாதிரி போனாளே. அதைத் திமிர் என்றல்லவா இவள் நினைத்தாள். ஊரார் யாரும் அவளை ஒதுக்கவில்லை. தோசை வாங்க வந்த ஜனம் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது.

மறுநாள் காய் இறக்க வந்த பிரெட்ரிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"கட எழவு வீடு மாதிரி இருக்குன்னு ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? எல்லார் வாயிலயும் தோசயா இருந்துச்சு?"

"எப்படிக்கா சொல்றது? அண்ணனுக்குப் படச்சு வச்சிருக்கீங்க. நேரா என்னியப் பாக்குறாரு. அவரு முன்னால ஒக்காந்துகிட்டு, இன்னொரு தோச போடுங்கன்னு எப்படிக்கா கேக்குறது? நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கே கை வரல."

"அவரு கடதானடா இது."

"அதான்க்கா யாரும் சொல்லல," என்றான் பிரெட்ரிக்.

தெரிந்துகொண்டது ஒரு நாள் வேலை. படத்தை எடுப்பது அத்தனை சுலபமாக இல்லை. நாளைக்கு எடுக்கலாம் என்றாள், மறுநாளும் நாளைக்கு என்றாள். ஆசைப்பட்ட மனுஷனை அவர் கடையிலிருந்தே வெளியேற்றுவதா என்று அடுப்பின் முன் நின்று கேவினாள். எதிரே காலி பெஞ்சுகள். கடைசியில் ஒரு மாலை, படத்தைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிரெட்ரிக்கின் லோரியிலேயே வீடு வந்து சேர்ந்தாள். மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் வைத்தாள்.

முன்மேசையின் வெள்ளைத் துணி போயிற்று. அங்கே சட்டினித் தூக்கும் தண்ணீர் ஜாடியும் வந்தன. உடனே ஒன்றும் கூட்டம் அலைமோதிவிடவில்லை. வந்தவர்கள் பழைய ஞாபகத்தில் எட்டிப் பார்த்து, படம் இருந்த இடத்தைக் கண்டு தயங்கினார்கள். முதலில் உட்கார்ந்தது விக்னேஸ்வரி. அதுவும் முட்டிவலி தாங்காமல். உட்கார்ந்தவள் ஒரு தோசை தின்றாள், இன்னொன்று கேட்டாள், பிறகு பழைய குரலில் கத்தினாள்.

"ஏய் யோகேஸ், சட்டினிய ஊத்துறியா தெளிக்கிறியா? ஒனக்கு என்ன, துரை வீட்டு அளவா?"

"தின்ன வாய மூடிக்கிட்டு தின்னு," என்றாள் யோகேஸ்வரி. வெளியே போன இரண்டு பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்தார்கள். விக்னேஸ்வரி கை கழுவி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலில் திரும்பி, "வரேன்டி," என்றாள். யோகேஸ்வரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீனப் புத்தாண்டுக்கு முன் தவுக்கே வந்தபோது உட்கார இடமில்லை. தூணோரம் நின்றே தோசையைச் சாப்பிட்டார். பிரெட்ரிக் எழுந்து இடம் கொடுத்ததற்கும் வேண்டாமென்று கையசைத்தார். தெருவை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "போலேலா," என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். இடிக்கிற பேச்சு நின்றது.

பகலெல்லாம் இப்போது அவளுக்குப் பேச ஆளிருக்கிறது. சாயங்காலம் கடையைச் சாத்திப் படியேறும்போதுதான் கால் கனக்கிறது. ஒரு நாள் முழுக்கப் பேச்சுச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு அந்த வீடு முன்னைவிட அமைதியாகத் தெரிகிறது. அந்த அமைதியில் அவரைத் தனியாக விட்டுப் போகிறோமே என்பது வேறு. அவர் கடையின் தோசையை அவருக்கு இனி அங்கே படைக்க முடியாது. அதனால் விடியலில் வீட்டுச் சின்ன அடுப்பில் ஒரே ஒரு தோசை ஊற்றுகிறாள். படத்தின் முன் வைத்து, விளக்கேற்றி, தவுக்கே வந்த நாள் வரை துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரியே பேசாமல் கதவைச் சாத்திப் போய்க்கொண்டிருந்தாள்.

தவுக்கே வந்துபோன மறுநாள், பூட்டைக் கையில் எடுத்தாள். சாத்திய கதவை மறுபடி திறந்தாள்.

"போயிட்டு வரேங்க," என்றாள்.

பூட்டிவிட்டு, பதிலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே மூன்று மாடியும் இறங்கினாள்.