பிரேக் அக்காவின் பச்சைத் தரை

அவருக்குப் பிரேக் அக்கா என்று பெயர் வரக் காரணம் அவருடைய கால்தான். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்து இருக்கையில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் யாராவது வேகமாகப் போனால்கூட அவர் கால் தரையை அழுத்தும். "டிவிக்கு பிரேக் கிடையாதும்மா" என்பார், சலவைக்கடை வைத்திருந்த கணவர்.

முன்பு ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கும் வேலையில் இருந்தார். அங்கேயே ஓட்டவும் பழகி, பிறகு பாடமும் நடத்தினார். முதலாளி வயதாகி ஸ்கூலை மூடியபோது, இரட்டைப் பெடல் வைத்த வெள்ளைக் காரை அக்காவே வாங்கிக்கொண்டார். அது நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. கணவரின் தங்கையான அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள், வாய் கொஞ்சம் நீளம். "கடையில ஆள் பத்தல. அண்ணி என்னடான்னா ஊர் சுத்திக்கிட்டு இருக்காங்க" என்று வாடிக்கையாளர் காதில் விழும்படியே சொல்வாள். அக்கா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவரிடம் வருபவர்களில் பலர் வேறு இடத்தில் திட்டு வாங்கி மிரண்டுபோனவர்கள். வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால், "நிக்கட்டும். பின்னாடி ஹாரன் அடிக்கிறவரும் ஒருநாள் இப்படி நின்னவர்தான்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் பாதிப் பயம் போய்விடும்.

அப்படி வந்தவர்தான் அந்த நர்ஸ். ஒருநாள் குறுக்கே நாய் பாய்ந்தது. நர்ஸ் இரண்டு கால்களாலும் ஓங்கி மிதித்தார். கார் நின்றது. இடது கால் மட்டும் நிற்காமல் கீழே இறங்கியது.

"அக்கா, என் கால் எங்கயோ போயிடுச்சு!"

ரப்பர் விரிப்பை விலக்கிப் பார்த்தால், துருப்பிடித்த தரையில் கைக்குட்டை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே ரோடு தெரிந்தது. ரோட்டின் மேல் நர்ஸின் செருப்பு கிடந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்த பிறகுதான் அக்காவுக்கு அது உறைத்தது. வண்டி ஓடும்போது அந்தக் கால் இறங்கியிருந்தால்?

காருக்குத் தகட்டு வேலை செய்யும் டிங்கரிடம் வண்டியைக் கொண்டுபோனார். அவர் கதவுக்குக் கீழே ஓடும் கட்டையை ஸ்குரூடிரைவரால் குத்தினார். ரஸ்க்கில் குத்தியதுபோல் உள்ளே போனது. பெயர்த்தெடுத்தால், உள்ளிருந்து ஈரமான செய்தித்தாள் கற்றையாக வந்தது.

"யாரோ பேப்பரைத் திணிச்சு, மேல பட்டி மாவு பூசி, பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. துரு உள்ளுக்குள்ளயே தின்னுடுச்சு."

"புதுத் தகடு வச்சு ஒட்ட முடியாதா?"

"தரையில வரிவரியா மடிப்பு இருக்கு பாருங்க, அதுதான் பலம். வெறும் தகடு வச்சா டின் மாதிரி நெளியும். இதே மாடல் வண்டி ஒண்ணு, துரு ஏறாததா, பழைய இரும்புல கிடைச்சா வெட்டிப் பொருத்தித் தர்றேன். கிடைக்கலன்னா மனசைத் தேத்திக்குங்க அக்கா."

மறுநாள் பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுக்கு அக்கா கிளம்பியபோது, நாத்தனாரும் செருப்பை மாட்டினாள். "தனியா போனா தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க. நானும் வர்றேன்." பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தையும் பிய்த்து எடுத்துக்கொண்டாள். தகடு என்றால் காந்தம் பிடிக்கும், பட்டி என்றால் நழுவும் என்று டிங்கர் சொல்லியிருந்தார்.

வெயிலில் வரிசை வரிசையாக வண்டிகள் கிடந்தன. காந்தம் பல வண்டிகளில் நழுவி விழுந்தது. கடைசி வரிசையில், பின்பக்கம் நசுங்கிய ஒரு பச்சைக் காரில், கதவுக்கட்டை முழுக்க ஓரிடம் விடாமல் 'டக் டக்' என்று பிடித்தது. விரிப்பைத் தூக்கினால் தரை பளபளவென்று இருந்தது. அக்கா டிங்கருக்குப் போன் செய்தார். அவர் வெட்டும் மிஷினோடு வருவதாகச் சொன்னார்.

அவர் வருவதற்குள் கிரேன் வந்துவிட்டது. அந்த வரிசை முழுவதும் உருக்காலைக்குப் போகிறதாம்.

"கொஞ்ச நேரம் பொறுங்க சார்" என்று அக்கா கெஞ்சினார்.

"லாரி காத்துக்கிட்டு இருக்கும்மா. தள்ளி நில்லுங்க" என்றார் யார்டுக்காரர்.

அக்கா தள்ளி நின்றார். நாத்தனார் நிற்கவில்லை. பச்சைக் காரின் கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப தூக்குங்க பாப்போம்!"

"என்னம்மா இது வம்பு? இறங்குங்க!"

"எங்க அண்ணிக்கு இந்தத் தகடு வேணும். அவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? வண்டியத் தொடவே பயந்த எத்தனையோ பொம்பளைங்க இன்னைக்குத் தனியா ஓட்டிட்டுப் போறாங்கன்னா இவங்களாலதான். மிச்சப் பேர் பாடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. உங்க லாரி காத்திருக்கக் கூடாதா?"

கிரேன்காரர் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அக்கா சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக எந்த வாய் குத்திக்காட்டியதோ, அந்த வாயிலிருந்தா இது?

டிங்கர் வந்து வெட்டி முடிக்கும்வரை நாத்தனார் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வேலை நிதானமாக நடந்தது. தரையை எடுத்தால் வண்டியின் உடல் தொய்ந்துவிடும் என்று, டிங்கர் முதலில் கதவு வாசலில் குறுக்கே கம்பிகளை வைத்து வெல்டிங் செய்தார். பிறகு துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்தார். பச்சைத் தரையை இறக்கி, கதவை மூடித் திறந்து இடைவெளி பார்த்து, திருப்தியான பிறகே பற்றவைத்தார். இணைப்புகளில் தண்ணீர் புகாமல் பசை அடைத்தார். கதவுக்கட்டைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். உள்ளே என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, "பச்சையாவே இருக்கட்டும்" என்றார் அக்கா.

வண்டி தயாரானதும் முதல் பாடத்துக்கு நர்ஸ்தான் வந்தார். சூடான மணலில் நடப்பதுபோல் கார்த் தரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பாதி வழியில் மழை பிடித்தது. வளைவைத் தாண்டியதும் ரோடு முழுக்கத் தண்ணீர்.

"அக்கா, போகலாமா?"

"மெதுவா போங்க. கீழ பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

தண்ணீர் அடியில் மோதி, தரை மத்தளம் மாதிரி அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஏறியதும் நர்ஸ் ஓரமாக நிறுத்தினார். செருப்பைக் கழற்றி, விரலால் விரிப்பைத் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு அக்கா!"

"அப்ப என்ன? இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியப் பாத்துக் கிளம்புங்க."