மணல்திட்டில் நின்ற வேன்

சுற்றுலா வேன் டிரைவர், வந்தவர்களுக்குக் கலங்கரை விளக்கத்தையும் படகுத்துறையையும் காட்டிவிட்டு, பிறகு மீன் காயவைக்கும் மணல்திட்டில் வண்டியை நிறுத்தினார். ஐஸ் கொட்டகையில் வேலை பார்த்த தன் அக்கா இங்கே வேலை மாறி வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

"டேய் தம்பி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஆறு மாசமா எட்டியே பார்க்கலையே!"

வந்தவர்களில் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்த ஓர் அம்மாள் டிரைவரிடம் திரும்பினார். "குடலைப் பிடுங்குது நாத்தம். இவங்க உங்க சொந்தமா?"

"இல்ல மேடம். இங்க யாரைப் பார்த்தாலும் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க" என்று டிரைவர் சிரித்து மழுப்பினார்.

அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. கையிலிருந்த மீனை ஒருகணம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா, ஆள் தெரியாம கூப்பிட்டுட்டேன். என் தம்பி இவ்வளவு வெள்ளையா சட்டை போட மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிக்கு டிரைவர் வேலை கிடைத்தபோது அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

வந்தவர்கள் அவளைப் படம் பிடித்துவிட்டு வண்டியில் ஏறினார்கள்.

"அடுத்து என்ன பார்க்கணும், டிரைவர்?"

பக்கக் கண்ணாடியில் அக்கா குனிந்து மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைக் கிளப்ப அவருக்குக் கை வரவில்லை.