கரி மூஞ்சி

பழைய போலீஸ் தொடரைக் கேலி செய்து வந்திருக்கும் படத்தை மகளுக்குக் காட்டலாமா என்று, பார்த்தவர்களின் கருத்துகளை இரண்டு முறை படித்தேன். "எங்க இன்ஸ்பெக்டரைக் கேவலப்படுத்திட்டாங்க" என்று ஒருவர் வருந்தியிருந்தார். "குண்டு வெடிச்சுக் கரி மூஞ்சியோட வருவாரே, வயிறு வலிக்கச் சிரிச்சேன்" என்று பலர். அதிலேயே என் மனம் நின்றுவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, விஸ்வநத்தம் ஊரில் எங்கள் வீட்டில் அந்தத் தொடர் முடிந்ததும் அப்பா அடுப்புக்கரியால் மீசை வரைந்துகொண்டு, "ஏலே, கையத் தூக்குலே!" என்று சித்தப்பாவைத் துரத்துவார். இருவருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. உடம்பில் ஒட்டிய வெடிமருந்தைக் கழுவாமல் வீட்டுக்குள் வர மாட்டார்கள்.

ஒரு நாள் மதியம் அப்பா முகமெல்லாம் கரியோடு வாசலில் நின்றார். நான் கைகொட்டிச் சிரித்தேன்.

"சித்தப்பாவப் பிடிச்சிட்டீகளா?"

அப்பா எனக்காகச் சிரிக்கப் பார்த்தார். "பிடிக்க முடியலத்தா."

உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மா, "உங்க தம்பி எங்க?" என்று அலறியபோதுதான் கம்பெனியில் வெடித்தது எனக்குப் புரிந்தது. சித்தப்பா வரவே இல்லை. அப்பா அந்தத் தொடரை அப்புறம் பார்க்கவில்லை. நான் சிரித்ததைப் பற்றி இன்றுவரை அவரிடம் பேசியதும் இல்லை.

சிரிப்புப் படம்தானே என்று போட்டுவிட்டேன். அந்தக் காட்சி வந்ததும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னால் நாற்காலியில் அப்பா இருந்தார். பதறி ரிமோட்டை எடுத்தேன்.

"அணைக்காதத்தா. பிள்ள சிரிக்கட்டும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.