தங்கை சிரித்த நாள்

மலேசியாவில், எங்கள் கிள்ளான் வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவள் என் தங்கை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. கை நிறைய அரிசியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அதிகம் பேசமாட்டாள், யார் கண்ணையும் பார்க்கமாட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லை எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வரிசை வீடுகளில் எவரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு மாதிரியான பிள்ளை என்பார்கள், அதோடு சரி. இடி இடித்தால் சிரிப்பாள். கிளினிக்கில் ஊசியைக் கண்டாலும் சிரிப்பாள். "அது சிரிப்பு இல்லடா, பயம். பல்லு தெரிஞ்சா உடனே பக்கத்துல போயிடு" என்று அம்மா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பெற்ற மனம் எதையாவது சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறது என்று நினைத்தேன். பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகியிருந்த எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர்.

அத்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "பெத்தவ செத்துக் கெடக்கா, இது பல்ல இளிச்சிக்கிட்டு நிக்குது. பார்க்கவே அசிங்கமா இருக்கு லா." வந்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். மானம் போய்விட்டதாக நினைத்து அவள் கன்னத்தில் ஓங்கி அடித்தேன். அரிசி தரையெங்கும் சிதறியது. அவள் இன்னும் அகலமாகச் சிரித்தாள். தரதரவென்று இழுத்துப் போய்ச் சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் தள்ளித் தாழிட்டேன். சுடலைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் கதவைத் திறந்தேன். அதுவரை அவள் அழவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை என்றார்கள்.

அதன் பிறகு அவள் சிரிக்கவே இல்லை. "இப்பதான் பிள்ளைக்கு நல்ல புத்தி வந்திருக்கு" என்று அத்தை மெச்சினார். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. பல வருடம் கழித்து ஒரு மருத்துவர், இப்படிப்பட்ட சில பிள்ளைகளின் முகம் மனதில் இருப்பதை நம்மைப் போலக் காட்டாது என்று பொறுமையாக விளக்கினார். அம்மா படிக்காமலே சொன்னதுதான்.

தங்கை இப்போது என்னோடு இருக்கிறாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. போன மாதம் அவள் கால் வீங்கியிருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். எலும்பு முறிந்து மூன்று நாளாவது இருக்கும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் ஒரே மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். அதில் ஒன்றுமே தெரியவில்லை. முன்பு அதில் தெரிந்த அந்தச் சிரிப்பையும் நான்தான் அடித்து நிறுத்தினேன்.