சாம்பலானின் இரண்டாம் இலக்கம்

அந்த நாட்களில் கிளறன்ஸ் ஐயா எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மட்டும்தான் வருவார். முதலாளி சாஹுல் ஹமீது நானா பள்ளிவாசலுக்குப் போன பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் தனியாக இருப்பேன். முதலில் ஒரு குடை உள்ளே வரும், பிறகு குனிந்த தலை.

"மொதலாளி இல்லைங்களே?"

இல்லை என்று தெரிந்துதான் வந்திருப்பார். இருந்தாலும் கேட்பார்.

எங்களுடையது போட்டோகொப்பி எடுத்து, லெமினேட்டிங் போட்டுக் கொடுக்கிற கடை. கண்டியில் அந்தத் தெருவிலேயே அப்படி நான்கு கடைகள். பென்சன் கடிதத்தையும் மருந்துத் துண்டையும் கொப்பி எடுக்க அவர் ஏன் பகையாளியின் கடைக்கே வருகிறார் என்று நான் கேட்டதில்லை. என் பெயர் பஸ்லினா; எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள். கேட்பதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இலகு. பதினொரு வருடமாக மெஷினுக்குப் பின்னால் இருந்து பார்த்ததையும், முதலாளி கோபத்தில் கொட்டியதையும் சேர்த்துத்தான் இந்த மனிதரை அறிந்தேன்.

பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தகப்பன் துரை பங்களாவில் சமையல்காரர். கண்டியில் படிக்க வந்தபோது ஒரே வாங்கில் சாஹுல் ஹமீதுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சாஹுல் ஹமீதின் வாப்பா பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். அங்கே வந்த ஆங்கிலச் சித்திரக் கதைப் புத்தகங்களில் ஒரு வரிசையை இருவரும் விடாமல் படித்தார்கள். பறக்கும் வல்லமை உள்ள ஒருவனின் கதை அது. பின்னால் அவன் நீல உடுப்பில் உலகத்தையே காப்பாற்றினானாம். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு இலக்கம்; ஆரம்ப இலக்கங்களில் சாம்பல் நிற உடுப்புத்தான். அதனால் இருவரும் அவனுக்குச் சாம்பலான் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் புத்தகங்களில் பிடித்த ஆங்கிலம்தான் கிளறன்ஸ் ஐயாவைத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் கிளார்க்காக உட்கார வைத்தது.

தன் கலியாணத்துக்கு முந்திய மாதம் கிளறன்ஸ் ஐயா இரண்டாம் இலக்கத்தை இரவல் வாங்கினார். சாஹுல் ஹமீது திருப்பிக் கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்றார். சாஹுல் ஹமீது இல்லை என்றார். கலியாண வீட்டில், எல்லோருக்கும் முன்னால், "இவன் பொய் சொல்றான்" என்று மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றபடியே கிளறன்ஸ் ஐயா சொல்லிவிட்டார். சாஹுல் ஹமீது சாப்பிடாமல் எழுந்து போனார். அதோடு நாற்பது வருடம் பேச்சில்லை. முதலாளியின் வீட்டு அலுமாரியில் ஒன்றைத் தவிர, முதல் முப்பத்திரண்டு இலக்கங்களும் வரிசையாக இருக்கின்றன. இரண்டாவதன் இடத்தில் ஒரு வெற்று அட்டை.

போன ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. கிளறன்ஸ் ஐயா உள்ளே வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்தார்.

"புள்ள, இத மொதலாளி மேசையில வச்சிருங்க. நான் போன பொறகு."

பிரித்துப் பார்த்தேன். சாம்பல் உடுப்பில் ஒருவன்.

"என் சம்சாரம் தெரேசா செத்து ஒரு வருசப் பூசையும் முடிஞ்சிருச்சு. அவ உடுப்பையெல்லாம் கோயிலுக்குக் குடுக்கலாம்னு அலுமாரியக் காலி பண்ணுனேன். தட்டுல விரிச்ச பேப்பருக்கு அடியில கெடந்துச்சு. கலியாணத்துக்கு எங்கம்மா விரிச்ச பேப்பர்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் பொய்யன், புள்ள."

"நீங்களே குடுங்களே, ஐயா."

"அவன் மூஞ்சியப் பாக்கப் பயமா இருக்குங்க. அட்டை கழண்டிருச்சு, கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வைங்க."

வெளியே போய், எதிரே பன்வில பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. படங்களைப் பார்த்தேன். சாம்பலான் ஒரு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து, கீழே பார்க்கப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பறக்கத் தெரிந்தவனுக்கு உயரம் பயம்! அவனைப் பிடித்துப் போயிற்று. கழன்ற அட்டையின் ஓரம் தொட்டாலே உதிர்ந்தது.

எங்கள் ஊரில் பெறுமதியான கடதாசி என்றால் லெமினேட் பண்ணத்தான் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பிள்ளையின் முதல் சான்றிதழ், எல்லாமே என் கையால் போயிருக்கின்றன. மெஷினில் விடுமுன் ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: "ஒரிஜினலா? போட்டா கழட்ட ஏலாது." அன்றைக்குச் சொல்ல எதிரில் ஆளில்லை. பெரிய பிளாஸ்டிக் உறையொன்றில் அட்டையை விரித்து வைத்து மெஷினில் விட்டேன்.

அட்டை வெளியே வந்தபோது ஒரு கருகல் மணம் அடித்தது. சிவப்பு எழுத்து மண்ணிறமாகியிருந்தது. சாம்பலானின் முகத்தில் கறுப்பாக ஒரு கொப்புளம். அப்போதுதான் ஞாபகம் வந்தது: பழைய கலியாணப் படமொன்றை லெமினேட் பண்ண வந்த ஆளிடம் முதலாளி, "மூச்சு முட்டிச் செத்துப் பெய்த்திடும்" என்று சொல்லி விரட்டியது.

உறையின் விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். ஓரத்தோடு கடதாசியும் சேர்ந்து கிழியப் பார்த்தது. கையை எடுத்துவிட்டேன். பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். புத்தகத்தை அந்த அட்டைக்குள் வைத்து மூடி, மேசையில் வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

முதலாளி தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் போட்டபடி வந்தார். கண்டுவிட்டார்.

"இது யாரு கொண்டு வந்த?"

"கிளறன்ஸ் ஐயா."

பெயரைக் கேட்டதும் முகத்தில் ஏதோ இளகியது. அட்டையைக் கையில் எடுத்ததும் போய்விட்டது.

"கொல செஞ்சில்லவா தந்தீக்கான்! நாப்பது வருசம் ஒளிச்சி வச்சி, இப்ப பிளாஸ்டிக்ல சுத்தித் தாரானா? எனக்கு நக்கலா?"

நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. இன்னொரு கடையில் செய்தது என்று நினைத்திருப்பார். என் வேலை தப்பும். வீட்டில் உம்மாவின் மருந்து என் சம்பளத்தில்தான். ஷட்டரின் இடைவெளியில் பன்வில பஸ் திரும்புவது தெரிந்தது. கிளறன்ஸ் ஐயாவின் குடை மடிந்தது.

"ஹமீது நானா, நான்தான் போட்ட."

"என்னத்த?"

"லெமினேட்டிங். அவர் கழண்ட அட்டையோட தந்த. செய்யச் செல்லல்ல. நான்தான்." பிறகு வாய் நிற்கவில்லை. "அலுமாரிப் பேப்பருக்குக் கீழ கண்டெடுத்தாராம். தான்தான் பொய்யன்டு சென்னார். உங்கட மூஞ்சியப் பாக்கப் பயமாம்."

அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க அவன்?"

கையை நீட்டினேன். முதலாளி குடையில்லாமல் ஓடினார். ஷட்டரில் தலை இடித்தது, நிற்கவில்லை. புத்தகம் கையில். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பஸ் வந்து நடுவில் நின்றுவிட்டது. எதுவும் தெரியவில்லை. நபியின் பேரில் தெரிந்த ஸலவாத்தை ஓதினேன்.

பஸ் நகர்ந்தது. கிளறன்ஸ் ஐயா ஏறவில்லை.

முதலாளி புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். "பாருடா! மொகமெல்லாம் கறுத்துப் பெய்த்து!"

கிளறன்ஸ் ஐயா ஏதோ சொன்னார். மழையில் கேட்கவில்லை. முதலாளி பதிலுக்குக் கத்தினார்: "பயந்தாங்கொள்ளி சாம்பலான் மட்டுமா? நீயும்தான்டா! வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வந்து போறது எனக்குத் தெரியாதெண்டா நெனச்ச?"

அட்டையில் விழுந்த மழைத்துளிகளை முதலாளி தன் சாரத்தின் நுனியால் துடைத்தார். இருவருடைய தலைகளும் புத்தகத்தின் மேல் குனிந்தன. ஒரு பக்கத்தில் கிளறன்ஸ் ஐயா விரல் வைத்தார்.

பிறகு முதலாளி கடைப்பக்கம் திரும்பினார். நான் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பஸ்லினா! ஷட்டர உசத்து!"

என்னை வெளியே அனுப்பத்தானோ என்று நினைத்துக்கொண்டே தூக்கினேன். ஷட்டர் பாதியில் சிக்கியது. இன்னொரு தடவை தள்ளினேன். இருவரும் நனைந்தபடி தெருவைக் கடந்து வந்தார்கள்.

"ஒனக்கு வேற கத ஈக்கி, அத பொறகு பேசுவம்," என்றார் முதலாளி என்னைத் தாண்டும்போது. "முதல்ல அடுத்த கடையில மூணு பிளேன்டீ செல்லு."

ஷட்டர் முழுவதுமாக மேலே போயிருந்தும், கிளறன்ஸ் ஐயா பழக்கத்தில் குனிந்துதான் உள்ளே வந்தார்.