எங்கள் பெயரின் வால்

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இது யார் வீட்டுக் கதை என்று மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் அவ்வளவு சொற்பம். எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றினால் கடைசி வரிசையில் நான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம்.

மற்ற தமிழர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அடையாள அட்டையில் தன் பெயர், பிறகு இன்னாரின் மகன் அல்லது மகள் என்று அப்பா பெயர். அடுத்த தலைமுறையில் அந்த அப்பா போய் வேறு அப்பா வந்துவிடுவார். எங்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு சொல் விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது. தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. பள்ளியில் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியர்கள் என் பெயரின் நடுவில் ஒருமுறை மூச்சு விட்டுக்கொள்வார்கள். நாங்கள் அதை வால் என்றுதான் சொல்வோம்.

அப்பா நில அலுவலகத்தில் பிளான் வரைபவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. கூலாயில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் எட்டடித் தாளை ஒட்டி, வம்சாவளி வரைய ஆரம்பித்தார். இவ்வளவு அபூர்வமான பெயர் என்றால் அது ஒரு படைத்தளபதியின் பட்டப்பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. எந்த ராஜாவின் படை என்று கேட்டால், "அதெல்லாம் யாரும்மா எழுதி வெச்சாங்க?" என்பார். தாளின் உச்சியில் ஒரு வாள் வரைந்து, அதற்கு நிழல் எல்லாம் போட்டிருந்தார்.

பக்கத்தில் ஜொகூர் வரைபடம். வால் உள்ள வீடு ஒன்று கிடைத்தால் ஒரு குண்டூசி. கூலாயில் ஒன்று, அது நாங்கள். உலு திராமில் நான்கு. கோத்தா திங்கியில் ஐந்து. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒருவருக்கு வரைபடத்தில் இடமில்லாததால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் சுவரிலேயே ஊசியைக் குத்திவிட்டார். அம்மா ஒவ்வொரு முறை தண்ணீர் எடுக்கப் போகும்போதும் அது அவர் முழங்கையைக் கிழிக்கும்.

அப்பா ஆட்களைக் கண்டுபிடித்ததெல்லாம் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தில்தான். வால் கண்ணில் பட்டால் போதும், வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவரின் கருமாதியில் முதல் பந்தியில் உட்கார்ந்து, வடையை மென்றுகொண்டே, "எறந்தவருக்கு அப்பா பேரு என்னாங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வருவார். அப்படிப் போன இடத்தில் எல்லாம் ஒரே பதில். எல்லோருடைய தாத்தாவுக்கும் அப்பா ஒரே ஆள், ஒரே ரப்பர் தோட்டம். ஆக ஒரு மூதாதை, அவருக்கு ஏழு பிள்ளைகள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து குடும்ப ஒன்றுகூடல் வந்தது. கூலாயில் ஒரு மண்டபம், பிரியாணி, எல்லோருக்கும் டி-சட்டை. முன்னால் வாள், முதுகில் "ஒரே ரத்தம்". உலு திராமிலிருந்து வரும் எண்பது வயதுப் பெரியவர்தான் கூட்டத்திலேயே மூத்தவர் என்பதால் அவருக்கு வருடா வருடம் சால்வை.

மூன்றாவது ஒன்றுகூடலில் பேனரின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைக் கோத்தா திங்கிக்கார இளைஞர் ஒருவர் பிடித்தார். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பர். அப்பா கீழே நின்று, "இன்னும் தூக்கு, கொஞ்சம் எறக்கு" என்று அரைமணி நேரம் எங்களை ஏணியில் நிற்க வைத்தார். பிளான் வரைந்த கண்ணுக்கு எதுவும் நேராகத் தெரியாது. அந்த அரைமணி நேரத்தில் கோத்தா திங்கிக்காரரும் நானும் நிறையப் பேசிவிட்டோம். ஒன்றரை வருடம் கழித்து, கல்யாணம் என்றால் அவரோடுதான் என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா துவைத்து மடித்துக்கொண்டிருந்த டி-சட்டையை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். "ஒரே ரத்தம்னு முதுகுல போட்டுக்கிட்டு வந்து நிக்கிறியே. அந்தப் பையன் உனக்கு அண்ணன் முறைலா!"

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுவரிடம் போய் என் பெயரிலிருந்து விரலை மேலே நகர்த்தினார், பிறகு அந்தப் பையன் பெயர்வரை கீழே இறக்கினார். எங்காவது தப்பாக வரைந்திருக்க மாட்டோமா என்று மூன்று தடவை தேடினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பங்காளி வீடும்மா," என்றார்.

"நீங்க வரைஞ்சதுதானே? அழிச்சிடுங்க."

"கோட்ட அழிக்கலாம். ரத்தத்த எப்படி அழிக்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் தாள் வீட்டில் இல்லாதிருந்தால் நான் அவரைச் சந்தித்தே இருக்க மாட்டேன், சந்தித்தாலும் யாரும் முறை பார்த்திருக்க மாட்டார்கள். ஊர் ஊராகப் போய் வடை தின்று, எனக்கு அண்ணன் தேடிக் கொடுத்திருக்கிறார் என் தகப்பனார். இரண்டு வாரம் அப்பாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் சாப்பிட்டுவிட்டுத் தாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். முதுகில் "ஒரே ரத்தம்" என்று இருக்கும். வேறு சட்டை எடுத்துப் போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

முடிச்சை அவிழ்த்தது அம்மாதான். ஒருநாள் பாத்திரம் கழுவியபடியே கேட்டார்: "ஏழு புள்ளைங்கன்னா, எல்லாம் ஒரே பொண்டாட்டிக்கா?"

அப்பா தாளைத் திரும்பிப் பார்த்தார். எட்டடித் தாளில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஆண்கள் ஆண்களிலிருந்து நேராக முளைத்திருந்தார்கள். எல்லைத் தகராறு வந்தால் மூல ஆவணத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் தொழில் பழக்கம். மறுநாளே தன் அப்பாவின் பிறப்புப் பதிவு நகலுக்கு விண்ணப்பித்தார். கோத்தா திங்கிக்காரர் வீட்டுக் காகிதங்களையெல்லாம் வெள்ளம் கொண்டுபோயிருந்ததால், அவரும் தன் தாத்தாவின் நகலுக்கு எழுதிப் போட்டார். உலு திராம் வீடொன்றிலிருந்தும் ஒன்று வந்தது.

கோத்தா திங்கிக்காரரும் வந்து உட்கார, மூன்று நகல்களும் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரிந்தன. மூன்றிலும் அப்பா ஒரே ஆள். அம்மாக்கள் மூன்று பேர். பிள்ளைகள் பிறந்தது மூன்று மாத இடைவெளிக்குள்.

"அலமாக்!" என்றார் அம்மா. "மனுஷன் தூங்கவே இல்லையா?"

அப்பாவுக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. தளபதி என்றால் அப்படித்தானே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோத்தா திங்கிக்காரர் மெதுவாக, "மாமா, மூணும் ஒரே நாள்ல பதிஞ்சிருக்காங்க. நம்பரும் வரிசையா இருக்கு," என்றார். என் அப்பாவை அவர் மாமா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அதுவரை பெரியப்பா. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்திலும் அதே ஆள். தொழில் என்ற கட்டத்தில் தோட்டத்துத் தபால்காரர் என்று இருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தபால்காரர்தான்.

அன்று மாலையே அப்பா, நான், கோத்தா திங்கிக்காரர் மூவரும் உலு திராமுக்குப் போனோம். சால்வைப் பெரியவர் தன் வீட்டுக்கு எதிர்க்கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அப்பா நகல்களை நீட்டினார். பெரியவர் பார்க்கக்கூட இல்லை.

"ஓ, அதுவா?" என்றார். "அவரு கலியாணமே கட்டாத ஆளுலா."

ரொட்டி தீரும்வரை கதை நடந்தது. பெரியவரின் அப்பா அந்த ஏழு பேரில் ஒருவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்காவிட்டால் அன்றைய கூலி கிடையாது. அதனால் பிள்ளை பிறந்ததைப் பதிய யாரும் பட்டணம் போக முடியாது. தோட்டத்தில் சைக்கிள் இருந்தது தபால்காரருக்கு மட்டும். அவர் தபாலுக்குப் போகிற நாளில் லயத்து வீடுகளின் வாசல்களில் நின்று விவரம் கேட்டுக்கொள்வார். ஆண்களெல்லாம் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போயிருப்பார்கள், சொல்வது பெண்கள்தான். பிள்ளை பெயரைச் சொல்வார்கள், தங்கள் பெயரைச் சொல்வார்கள். புருஷன் பெயரை?

"எங்க சொல்லுவாங்க? சொன்னா அவருக்கு ஆயுசு கொறைஞ்சிடும்னு பயம். 'அவருதாண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா'ன்னு சிரிப்பாங்க. இவருக்குத் தெரிஞ்சதெல்லாம் நெட்டை, மீசை, ஊமைன்னு பட்டப்பேருதான். ஆபீசுல போயி அப்பா பேரு ஊமைன்னா எழுதுவாங்க?"

பட்டணத்துக் கிராணி, அதாவது எழுத்தர், அப்பா பெயர் இல்லாமல் பதிய முடியாது என்றிருக்கிறார். திரும்பி வந்து கேட்டுக்கொண்டு போவதென்றால் அடுத்த மாதம் ஆகிவிடும், கெடு தாண்டிவிடும். மனிதர் யோசித்திருக்கிறார். தன் பெயரையே போடச் சொல்லிவிட்டார். ஏழு பிள்ளைகளுக்கும்.

"ஏழாவதுக்கு அந்த கிராணி எழுந்து நின்னு கை குடுத்தாராம்," என்றார் பெரியவர்.

நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அண்ணனும் இல்லை, பங்காளியும் இல்லை. யாரோ ஏழு பெண்கள் வாய் திறந்து ஒரு பெயர் சொல்லாததால் வந்த வினை. கோத்தா திங்கிக்காரர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். இப்போது அப்படித் தட்டலாம்.

அப்பாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "இவ்ளோ நாளா ஏன்யா சொல்லல?"

"யாரு கேட்டீங்க? வருஷா வருஷம் சால்வ போட்டீங்க. பிரியாணியும் நல்லா இருந்துச்சி."

"அந்த அப்பன்மாரு சும்மாவா விட்டாங்க?"

"அடிக்கப் போனாங்க. ரெண்டு நாளு ரப்பர் காட்டுல ஒளிஞ்சிக்கிட்டாரு. பொம்பளைங்கதான் கூட்டியாந்தாங்க. எங்க வாயில பேரு வரல, அவரு என்னா பண்ணுவாருன்னு."

"அப்ப பின்னால பேர மாத்தியிருக்கலாமே? ஏன் மாத்தல?"

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மாத்தியிருக்கலாம். அந்த ஏழு பேரையும் அந்த சைக்கிள்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாரு, ஸ்கூலுக்குக் கொண்டு போவாரு. பேரு போட்டாச்சி, இனிமே நம்ம புள்ளைங்கம்பாராம். அவரு செத்தப்ப ஏழு பேரும் மொட்டை போட்டுக் கொள்ளி வெச்சாங்க. அன்னைக்குத்தான் பேசி வெச்சது. நம்ம புள்ளைங்களுக்கும் இந்தப் பேரு கடைசியில வரணும்னு."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான். அப்பா பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று அப்பாவின் முகம் மாறியது. என்னையும் கோத்தா திங்கிக்காரரையும் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா," என்றார் தணிந்த குரலில், "மொட்டை போட்டாங்கன்னா புள்ளைங்கன்னு ஆயிடும். புள்ளைங்கன்னா மறுபடியும் பங்காளி. அத மட்டும் கல்யாணம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பெரியவர் யோசித்தார். "இந்த வருஷமும் சால்வ உண்டுதானே?"

"உண்டுங்க."

அந்த வருட ஒன்றுகூடலில் அப்பா ஒலிவாங்கியைப் பிடித்து நின்றார். சாதாரண வெள்ளைச் சட்டை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் தேடித் தேடிச் சேர்த்த அத்தனை பேர் முகத்தையும் பார்த்து, "நாம யாரும் யாருக்கும் சொந்தம் இல்ல," என்றார். எனக்காகத்தான் அதைச் சொன்னார். பத்து வருட உழைப்பைத் தன் வாயாலேயே அவர் அழித்துக்கொண்டிருந்தார், நான் அவரோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தவள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மண்டபத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப சாப்பாடு இருக்கா, இல்லையா?"

சாப்பாடு இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. என் கல்யாணத்துக்கும் அவ்வளவு பேரும் வந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் உட்காருவதா மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்காருவதா என்று தெரியாமல் பாதிப் பேர் நடுவழியில் நின்றார்கள். திருமணப் பதிவு அதிகாரி எங்கள் இருவர் பெயரையும் பார்த்துவிட்டு, அண்ணன் தங்கையா என்று மலாயில் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று அப்பா மூன்று தடவை சொன்னார்.

போன வருடம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி, குழந்தையின் அப்பா பெயரைக் கேட்டாள். நான் உரக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா, இன்றுவரை அப்பாவை "இங்க பாருங்க" என்பதைத் தாண்டி வேறெப்படியும் கூப்பிடாதவர், "மெதுவா சொல்லும்மா," என்றார். பிறகு அவரே, "இல்ல, நல்லா சத்தமாவே சொல்லிடு," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சுவரில் புதுத் தாள். உச்சியில் வாள் இல்லை. அங்கே ஒரு சைக்கிள் இருந்தது, பின்னால் கேரியர், அதில் தபால் பை, மணிகூட விடுபடவில்லை. ஏழு பேரின் பெயருக்குப் பக்கத்திலும் அவர்களின் அம்மா பெயர்கள். நகல்கள் வாங்கிச் சேர்த்திருக்கிறார். சைக்கிளிலிருந்து ஏழு பேருக்கும் இறங்கியவை புள்ளிக்கோடுகள்.

"ஏன்பா புள்ளி?" என்று கேட்டேன்.

"பிளான்ல அப்படித்தாம்மா. பட்டா இருக்காது, ஆனா ஜனங்க நடந்து நடந்து பாதை ஆயிருக்கும். அதுக்குப் புள்ளிதான் போடணும்."

கீழே, கூலாய்க் கிளையிலிருந்து ஒரு கோடும் கோத்தா திங்கிக் கிளையிலிருந்து ஒரு கோடும் இறங்கி ஓரிடத்தில் சேர்ந்திருந்தன. அழுத்தமான, புள்ளியில்லாத கோடுகள். அந்த எட்டடித் தாளில் இரண்டு வீட்டு ரத்தம் சேரும் இடம் அது ஒன்றுதான். அங்கே என் மகளின் பெயரை எழுதி, மை உலரும்வரை ஊதிக்கொண்டு நின்றார் அப்பா. வாலையும் விடாமல் எழுதியிருந்தார்.