மூணு மணிச் செய்தி

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு வண்டியில் நானும் போனேன்... சிதம்பரத்திலிருந்து கிள்ளை வரைக்கும்தான்!

வண்டி என் மனைவியின் தம்பி குணசேகரனுடையது. அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, கடலூர்ப் பட்டறையில் கொடுத்து, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, குட்டி டி.வி., பேட்டரி எல்லாம் பொருத்திவிட்டார். கூரை மேல் டிஷ்.

"ஸ்டாப்பிங் பாத்து நிறுத்தியே காலம் போச்சு மாமா. இனிமே நான் நெனைச்ச எடத்துல நிக்கணும்."

அவர் நினைக்கிற இடம் எப்போதும் மரத்தடிதான். அங்கேதான் சிக்கல். நம் பக்கத்தில் டிஷ் ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே நாலு கிளை இருந்தால் போச்சு. நிழலா, டி.வி.யா? குணா நிழல் கட்சி.

கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு புளிய மரத்தடியில் சாப்பிட்டு முடித்தோம். குணாவின் மனைவி விஜயாவுக்கு போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணா, கயல் இன்னிக்கு மூணு மணிக்கு டி.வி.ல நியூஸ் வாசிக்கிறாளாம். மொத தடவ."

கயல் அவர்களுடைய ஒரே பெண். சென்னையில் வேலை. தானாகவே ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. அம்மா பேசுவது அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

சிதம்பரத்துக்குத் திரும்பலாம் என்றால் அங்கே அந்த நேரம் கரண்ட் கட்.

குணா எழுந்தார். கை கழுவினார். வண்டியை ஸ்டார்ட் செய்து, கொண்டுபோய் நட்ட நடு வெயிலில் நிறுத்தினார்!

பிறகு கூரை மேல் ஏறி டிஷ்ஷைத் திருப்ப ஆரம்பித்தார். விஜயா உள்ளே திரையைப் பார்த்து, "வருது... வருது... ஐயோ, போச்சுங்க!" என்று கத்தினார். ஒருவழியாகப் படம் வந்தது. குணா கையை எடுத்தார். போய்விட்டது. குலுங்கி வந்ததில் நட்டு மரை தேய்ந்துவிட்டது. கடல் காற்று வேறு.

"மச்சான், எறங்கு. நான் புடிக்கிறேன், நீ போய்ப் பாரு" என்றேன்.

"நீங்க பாருங்க மாமா. எனக்குப் புடிச்சுப் பழக்கம்."

ஸ்டீயரிங் பிடித்த பழக்கம் டிஷ் பிடிக்க எப்படி உதவும்? கேட்கவில்லை.

மூன்று மணிக்கு கயல் வந்தாள். விஜயா வாயைப் பொத்திக்கொண்டார். எங்கோ மழை, எங்கோ ஸ்ட்ரைக்... குரல் முதலில் கொஞ்சம் நடுங்கி, பிறகு சரியானது. படம் ஒரு தடவைகூட ஆடவில்லை. நடுவில் விளம்பரம் வந்தபோது மட்டும் மேலேயிருந்து ஒரு கேள்வி.

"இளைச்சுட்டாளா?"

"நல்லாதாங்க இருக்கா. நீங்க கெட்டியா புடிங்க!"

செய்தி முடிந்து இறங்கினார். சட்டை நனைந்து, இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. தண்ணீர் குடித்தார். மனைவியின் போனை எடுத்து, அவரே நம்பரைத் தேடி அழுத்தினார். விஜயா என்னைப் பார்த்தார். நான் டி.வி.யைப் பார்த்தேன்.

"அம்மா, பாத்தியா?" என்றது போன். எனக்கே கேட்டது.

"அப்பா பேசறேன்." போனை மறு காதுக்கு மாற்றினார். "மழைய மளைன்னு படிக்கிற. ரெண்டு தடவ. அங்க யாரும் சொல்ல மாட்டாங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பா, அழுகையா... தெரியவில்லை. "சொல்லுங்கப்பா" என்று மட்டும் கேட்டது. இவர் வெயிலில் நின்றபடியே 'மழை, மழை' என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நம் ஊர் அப்பாக்களுக்கு சமாதானமாகப் போகத் தெரியாது. தப்பு கண்டுபிடிக்கத் தெரியும்... சில நேரம் அது போதும்!